பக்கத்து மனை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அரசியலமைப்பைப் பற்றி ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் முன்சீப் கோர்ட்டில் உரிமையியல் வழக்கு நடத்தியவன் நான். அங்கே அரசியலமைப்பு எப்போதாவது எட்டிப் பார்க்கும். நாள்தோறும் வருவது நாலடிச் சந்து, ஒன்றரை அடி வாசற்படி, கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுகிறது என்கிற தகராறு. அந்த வரிசையில் ஒன்றைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டை ஒட்டி ஒரு காலி இடம் கிடக்கிறது. வருஷக்கணக்காக யாரும் வருவதில்லை. நாம்தான் கூட்டுகிறோம், முள் வெட்டுகிறோம், மாட்டைக் கட்டுகிறோம். ஒரு நாள் அது நமதாகிவிடுமா?

ஊரில் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "பன்னெண்டு வருசம் அனுபவிச்சா நமக்குத்தான். சட்டமே இருக்கு." டீக்கடையில் சொல்லப்படும் சட்டங்களில் பாதி தப்பாக இருக்கும். இது தப்பில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைக் கோர்ட்டு வாசலில் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

முதலில் இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், அட்டவணையில் 65ஆம் கூறு. ஒருவருடைய நிலம் இன்னொருவரிடம், அவருக்கு எதிரான அனுபவத்தில் இருந்தால், அதை மீட்க அவர் பன்னிரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அரசாங்கத்தின் நிலம் என்றால் 112ஆம் கூறுப்படி முப்பது ஆண்டு. 1908ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் அரசாங்கத்துக்கு அறுபது ஆண்டு இருந்தது, அதைப் பாதியாக்கினார்கள். இதுவரைக்கும் சாதாரணமான காலக்கெடுதான். கடன் பத்திரத்துக்கும் மூன்று வருஷக் கெடு உண்டு. கெடு தாண்டினால் கோர்ட்டுக்குப் போகும் வழி அடைபடும்; கடன் என்னவோ கடனாகவே இருக்கும். நிலத்துக்கு மட்டும் அப்படியில்லை. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு ஒரு படி மேலே போகிறது. கெடு முடிந்தால் வழக்குப் போடும் வழி மட்டும் போவதில்லை, உரிமையே செத்துப்போகிறது என்கிறது. பத்திரம் பெட்டியில் இருக்கும், முத்திரைத்தாள் மொறுமொறுப்பாக இருக்கும், நிலம் இருக்காது.

இதைத்தான் நாங்கள் பிராதுகளில் 'எதிரிடை அனுபவ பாத்தியம்' என்று எழுதுகிறோம். இதில் எல்லாரும் 'அனுபவம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். சட்டம் பார்ப்பது முன்னால் நிற்கிற 'எதிரிடை'யை.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

ஒரு பாட்டி. பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்றவர். அவர் வீட்டுக்குக் கிழக்கே இரண்டே முக்கால் சென்ட் காலி மனை. வாங்கியவர் ஒரு வாத்தியார். வீடு கட்டலாம் என்று வாங்கினார். மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் அங்கே போய்விட்டார். மனையில் சீமைக்கருவேலம் மண்டியது, பாம்பு வந்தது. பாட்டி ஆள் வைத்து வெட்டினார். மேட்டை நிரவினார். ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினார், அது மரமாகிப் பிள்ளை பெற்று மூன்று மரமாயிற்று. இரண்டு ஆடு, ஒரு துவைகல், ஒரு தண்ணீர்த் தொட்டி. பத்தொன்பது வருஷம். வாத்தியார் காலமானார். மகன் மனையை விற்றார். வாங்கியவர் ஜேசிபியோடு வந்தார். பாட்டி என்னிடம் வந்தார்.

நான் வழக்கமாக எழுதுவதையே எழுதினேன். வாதியானவர் தாவாச் சொத்தை உண்மையான உரிமையாளருக்கு எதிராகவும், அவர் அறியவும், வெளிப்படையாகவும், இடைவிடாமலும் சட்டப்படியான காலத்துக்கு மேல் அனுபவித்து வருகிறார் என்று. உரிமை விளம்புகையும் தடையுத்தரவும் கேட்டேன். எழுதிக் கையெழுத்து வாங்கினேன். படித்துக் காட்டினேன் என்றும் பிராதில் இருக்கும். உள்ளபடியே படித்துக் காட்டினேன். அவருக்கு என்ன விளங்கியது என்று நான் கேட்கவில்லை.

குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர், சத்தம் போடவில்லை.

"அம்மா, அந்த மனை யாருடையது?"

"வாத்தியாரோடது."

"வாத்தியார் கோயம்புத்தூர் போனப்போ உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"பாத்துக்கங்கம்மான்னு சொன்னாருய்யா. நல்ல மனுசன்."

"நீங்க அவருக்கு ஏதாவது கொடுப்பீங்களா?"

"பணமா? இல்ல. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கட்டு முருங்கைக்காய் பஸ்ல போட்டு விடுவேன். அவரு இடத்துல காய்ச்சது, அவருக்குக் குடுக்காம நாம மட்டும் திங்கலாமா?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இதற்கு மேல் கேட்க அவருக்கு எதுவுமில்லை. மறு விசாரணையில் நானும் எதையும் சரிக்கட்ட முயலவில்லை.

பாட்டி ஒவ்வொரு பதிலிலும் தன் வழக்கைத் தானே வெட்டிச் சாய்த்தார். இடம் அவருடையது என்றதால் எதிரிடை போயிற்று. பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றதால் அனுபவம் அனுமதியின்பேரில் ஆயிற்று. அனுமதியின்பேரில் இருப்பவர் நூறு வருஷம் இருந்தாலும் அது அனுமதிதான், பாத்தியம் ஆகாது. முருங்கைக்காய்க் கட்டோ வருஷா வருஷம் உரிமையாளரை உரிமையாளர் என்று ஒப்புக்கொண்ட சாட்சியம் ஆகிவிட்டது. தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. சட்டப்படி சரியான தீர்ப்பு.

அதே பாட்டி என்ன சொல்லியிருந்தால் வென்றிருப்பார்? "அது வாத்தியார் இடம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பிடிச்சேன். வேலி போட்டேன். அவர் வந்து கேட்டார், போய்யான்னு விரட்டினேன். பன்னெண்டு வருசம் ஆச்சு." இப்படிச் சொல்லி நிரூபித்திருந்தால் வென்றிருக்கலாம். பராமரித்தவர் தோற்கிறார், பறித்தவர் ஜெயிக்கிறார். இந்தக் கோணலைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தேன்.

நான் மட்டும் சொல்வதல்ல இது. 2008இல் ஹேமாஜி வாகாஜி ஜாட் வழக்கில் உச்ச நீதிமன்றம், நேர்மையற்றவனுக்குப் பரிசும் உண்மையான உரிமையாளனுக்குத் தண்டனையும் தருகிற இந்தச் சட்டத்துக்கு அறிவும் தர்க்கமும் இல்லை என்ற கருத்தில் கடுமையாக எழுதியது. மத்திய அரசு இதை மறுபடி யோசிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. எழுதியவர் நீதிபதி தல்வீர் பண்டாரி. மூன்று வருஷம் கழித்து, 2011இல், அதே நீதிபதி முன்னால் இன்னொரு வழக்கு வந்தது. ஹரியானா மாநிலம் எதிர் முகேஷ் குமார். ஒரு குடிமகனின் நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வருஷமாக அனுபவிக்கிறோம், ஆகவே எங்களுடையது என்று உரிமை கேட்டவர்கள் யார் தெரியுமா? காவல் துறை! திருட்டுப் போனால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்போமோ அவர்களே வாதியாக வந்தார்கள். நீதிமன்றம் விட்டு வாங்கியது. 2020இல் இமாசலப் பிரதேசத்திலிருந்து வித்யா தேவி வழக்கு. எழுதப் படிக்கத் தெரியாத கைம்பெண். 1967-68இல் அவர் நிலத்தை எடுத்துச் சாலை போட்டார்கள், ஒரு ரூபாய் இழப்பீடு தரவில்லை. கேட்டபோது அரசு சொன்ன பதில்களில் ஒன்று, நாற்பத்திரண்டு ஆண்டாக எங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்பது. மக்களுக்கு நலம் செய்ய வேண்டிய அரசு தன் குடிமக்களிடமே இந்த வாதத்தைப் பேசக் கூடாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது.

இதற்கு நடுவே 2019. ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கு. அதற்கு முன் 2013இல், இந்தப் பாத்தியம் பிரதிவாதி கையில் இருக்கும் கேடயம்தான், அதை வைத்து வாதியாக வந்து உரிமை கேட்க முடியாது என்று இரண்டு நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கெடு முடிந்து உரிமை முழுமையானபின், அவரை யாராவது வெளியேற்றினால் அவர் வாதியாகவும் வரலாம், அதாவது கேடயம் வாளும் ஆகலாம். ஆனால் அதே தீர்ப்பின் கடைசியில், பொதுப் பயன்பாட்டு நிலங்களுக்கு இது கூடாது என்ற கவலையையும் பதிவு செய்தார்கள். 2023இல் சட்ட ஆணையம் தன் 280ஆவது அறிக்கையில், இந்தச் சட்டத்தை மாற்றத் தேவையில்லை என்று முடித்துவிட்டது. ஆக, திட்டியவர்களும் உண்டு, கூர் தீட்டியவர்களும் உண்டு. எடுத்தெறிந்தவர் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நம்மூர் வழக்குகளில் முக்கால்வாசி, காலி இடம் என்று தெரிந்து பிடித்தவை அல்ல. எல்லை தெரியாமல் தாண்டியவை. கல் புதைந்து போயிருக்கும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது 'கிழக்கே வேப்பமரம்' என்றிருக்கும். மரம் விறகாகி நாற்பது வருஷம் ஆகியிருக்கும். 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில் (நம் ஊர்ப் பேச்சில் யூடிஆர்) உட்பிரிவு ஒன்று பெயர் மாறி விழுந்திருக்கும். நமதென்றே நம்பி, மூன்றடி தள்ளிச் சுவர் வைத்திருப்போம். அப்படி நம்பி இருந்தவருக்கு நம் சட்டம் என்ன சொல்கிறது? உண்மையான உரிமையாளர் யார் என்றே உனக்குத் தெரியாது என்றால், அவருக்கு எதிராக நீ எப்படி அனுபவித்திருக்க முடியும் என்று கேட்கிறது. உச்ச நீதிமன்றம் 2009இல் அஸ்வத்தாமா வழக்கில் இப்படித்தான் சொன்னது. அதனால் 'இது என் சொத்து. இல்லையென்றால் எதிரிடை அனுபவத்தால் என் சொத்து' என்று இரண்டு காலையும் இரண்டு தோணியில் வைத்து எழுதப்படும் எதிர்வழக்குரைகள் நடு ஆற்றில் விழுகின்றன. நானே நிறைய எழுதியிருக்கிறேன், நிறைய விழுந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் கதை நேர் எதிர். அங்கேதான் இந்தச் சட்டத்தின் வேர் இருக்கிறது, அங்கேதான் அது பெரிய சண்டையாகவும் ஆயிற்று. பெர்க்‌ஷயர் பகுதியில் சுமார் 25 ஹெக்டேர் நிலம், ஒரு கட்டுமான நிறுவனத்துக்குச் சொந்தம். பக்கத்துப் பண்ணைக்காரர்களான கிரஹாம் குடும்பத்தார் மேய்ச்சலுக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கியிருந்தார்கள். 1983 முடிவில் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பித்துத் தாருங்கள் என்று கேட்டார்கள், நிறுவனம் மறுத்தது; பிறகு கேட்டு எழுதியதற்குப் பதிலே இல்லை. அப்படியே மேய்த்துக்கொண்டிருந்தார்கள். 2002இல் பிரபுக்கள் சபை நிலம் கிரஹாமுக்கே என்றது. கேட்டால் வாடகை கொடுத்திருப்போம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டதுகூட அவர்களைப் பாதிக்கவில்லை. பாட்டியின் முருங்கைக்காயை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நிறுவனம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2007இல் பத்துக்கு ஏழு என்ற கணக்கில் தோற்றது.

ஆனால் அதற்குள் அங்கே சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். 2002ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டம். பதிவான நிலத்தில் பத்து வருஷம் இருந்தவர் விண்ணப்பம் போடலாம். போட்டவுடன் பதிவகம் உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பும். அவர் ஆட்சேபித்தால் பெரும்பாலும் விண்ணப்பம் தள்ளுபடி. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் அவர் நடவடிக்கை எடுத்து நிலத்தை மீட்க வேண்டும். தூங்குகிறவரை எழுப்பிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்கள். இந்தப் பொது விதிக்குச் சில விலக்குகள். அதில் ஒன்றைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்: விண்ணப்பித்தவர் பக்கத்து நிலத்துக்காரராக இருந்து, எல்லை அளந்து முடிவாகாமல், அந்தத் துண்டு தன்னுடையதுதான் என்று நியாயமாக நம்பி பத்து வருஷம் இருந்திருந்தால், உரிமையாளர் ஆட்சேபித்தாலும் இவருக்கே கிடைக்கும். நல்லெண்ணத்தோடு நம்பியது அங்கே கைகொடுக்கிறது. இங்கே அதுவே காலை வாருகிறது.

எனக்கு இந்த ஒரு விஷயத்தில் இங்கிலாந்து வழிதான் சரியென்று படுகிறது. நம்மிடம் பட்டாவும் புலப்படமும் கணினியில் வந்துவிட்டன. உரிமையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பக்கூட முடியாதா?

இனி புறம்போக்கு. இதை வேகமாகக் கடக்க முடியாது, ஏனென்றால் நம் ஊர்களில் வீட்டை ஒட்டிய காலி இடம் பாதிக்குப் பாதி புறம்போக்குதான். புறம்போக்கு என்றதும் எல்லாம் ஒன்று என்று எண்ணக் கூடாது. நத்தம் வேறு, அது குடியிருப்புக்கென்றே விட்டது, அதில் வீடு கட்டிக் குடியிருப்பவரின் இடம் அரசாங்கத்துடையதல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. மேய்க்கால், வண்டிப்பாதை, களம், ஓடை, ஏரி உள்வாய் எல்லாம் வேறு. ஓடைக்கரையில் முப்பது வருஷம் இருந்தேன் என்று போய் நின்றால் எந்தக் கோர்ட்டும் கேட்காது. 2011இல் பஞ்சாபின் பாட்டியாலா பக்கத்தில் ஊர்க் குளத்தை நிரப்பி வீடு கட்டியவர்கள் வழக்கில், பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்கிறோம் என்றதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எல்லா மாநிலங்களும் ஊர்ப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் போட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டு எல். கிருஷ்ணன் வழக்குத் தீர்ப்பைக் குறிப்பிட்டும் இருக்கிறார்கள். கோயில் நிலத்துக்குக் காலக்கெடுவே கிடையாது. அறநிலையத் துறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு அதைப் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் என் மனதில் தங்கியிருப்பது பி மெமோ. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, புறம்போக்கில் இருப்பவருக்கு வருவாய்த் துறை கொடுக்கும் சீட்டு. நீ ஆக்கிரமிப்பாளன், இந்தத் தொகையைக் கட்டு என்பது அதன் பொருள். ஏழைக் குடும்பங்கள் அதை வரி ரசீது என்று எண்ணிக் கட்டும். மஞ்சள் பையில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில், கல்யாணப் பத்திரிகைகளோடு பத்திரமாக வைத்திருக்கும். என்னிடம் வரும்போது பையை மேஜையில் கொட்டி, "எங்கப்பா காலத்துலேருந்து வரி கட்டுறோம் சார், ஆதாரம் இருக்கு" என்பார்கள். முப்பது சீட்டு இருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் இந்த இடம் உன்னுடையதல்ல என்று அரசாங்கம் எழுதித் தந்திருக்கும். அவர்களோ பணம் கட்டி அதை ஒப்புக்கொண்டிருப்பார்கள். அதைச் சொல்ல எனக்கு ஒருபோதும் பழகவில்லை. மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது இவையும் அப்படித்தான். இருப்பைக் காட்டும், உரிமையைக் காட்டாது. பட்டாவே உரிமைப் பத்திரம் ஆகாது என்று சொல்கிற கோர்ட்டு இவற்றை எங்கே மதிக்கும்? மரத்துக்கும் மண்ணுக்கும் கூட அரசு தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை மட்டும் அனுபவிக்க 2சி பட்டா என்று ஒன்று உண்டு. புளி உங்களுக்கு, நிழல் விழும் தரை அரசாங்கத்துக்கு.

அப்படிப்பட்டவர்களுக்கு எதிரிடை அனுபவம் என்ற பாதையைக் காட்டுவதே தவறு என்பது என் கட்சி. ஆட்சேபணையற்ற புறம்போக்கில் வீடு கட்டி இருப்பவர் வட்டாட்சியரிடம் மனுப் போட்டு, வீட்டுமனைப் பட்டா கேட்டுப் பெற வேண்டும். அரசாங்கத்தை எதிர்த்து நின்றேன் என்று நிரூபிக்கும் நிலை ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு வரக் கூடாது. இந்தப் பாத்தியத்தைப் பெரிய ஆயுதமாகப் பயன்படுத்தியவர்கள், நான் பார்த்த வரையில், ஏற்கெனவே ஐந்து மனை வைத்திருந்தவர்கள்தான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வரி: வருஷத்துக்கு ஒருமுறை வந்து மனையைப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் பயன்படுத்தினால் இரண்டு வரியில் அனுமதி எழுதிக் கொடுங்கள். அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் பயமில்லை. அனுமதியை வாய்ச்சொல்லாக விட்டால் சாட்சிக்கூண்டில் எல்லாரும் அந்தப் பாட்டி போல் இருக்க மாட்டார்கள்.

பாட்டியை முடித்துவிடுகிறேன். மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "நான் என்னத்தய்யா கேட்டேன், மரத்தை வெட்டாதீங்கன்னுதானே கேட்டேன்" என்றார். நான் எழுதிய பதினோரு பக்கப் பிராதில் மரம் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில், சொத்து விவரத்தில் 'மேற்படி மனையில் உள்ள மரம் வகையறா உள்பட' என்று வந்திருந்தது.

கடைசியாக, என் வீட்டுக் கதை. எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு மனை, பதினொரு வருஷமாகக் காலி. உரிமையாளர் எங்கோ வடக்கே இருக்கிறார். எங்கள் வீட்டுத் துணிக்கொடியின் ஒரு முனை அந்த மனையில் நட்ட கம்பத்தில்தான் கட்டியிருக்கிறது. என் மனைவி அங்கே கீரைப்பாத்தியும் போட்டிருக்கிறாள். சில மாதங்களுக்கு முன் என் மகன், "அப்பா, இன்னும் ஒரு வருசம்தானே" என்று சிரித்தான். அவனுக்கு டீக்கடைச் சட்டம் நன்றாகத் தெரியும். அன்று இரவே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். ஐயா, தங்கள் மனையில் கொடி கட்டியிருக்கிறோம், கீரை போட்டிருக்கிறோம், தாங்கள் எப்போது சொன்னாலும் எடுத்துவிடுகிறோம் என்று. வில்லங்கச் சான்று போட்டுப் பத்திரத்தில் இருந்த முகவரியைத் தேடிப் பிடித்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். கீரை இந்த மழைக்கு நன்றாக வந்திருக்கிறது.